டிரெட்மில்லா, எலிப்டிகலா? வட சென்னை வீட்டுக்கு எது சரிப்படும்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் காலை ஐந்தரைக்கு வாக்கிங் போனால், துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள் நமக்கு முன்னாலேயே எழுந்திருக்கும். ஒரு பக்கம் டீசல் புகை, ஒரு பக்கம் பொடிமண். ராயபுரத்துக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949-ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம்; இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது. ஆனால் தினமும் அங்கே நடக்க வேண்டுமென்றால் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்க வேண்டும். கொருக்குப்பேட்டையிலும் மணலியிலும் எர்ணாவூரிலும் இருப்பவர்கள் எங்கே போவது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம், அதையொட்டி எண்ணெய்க் கசிவு, மாதக் கடைசியில் எண்ணூரில் அம்மோனியா கசிவு என்று மூன்றும் ஒரே மாதத்தில் வந்து போயின. அதற்குப் பிறகு “பேசாம வீட்டுக்குள்ளயே ஒரு மிஷின் போட்டுடலாமா?” என்ற பேச்சு எங்கள் பக்கம் கூடுதலாகவே காதில் விழுகிறது.

மிஷின் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஓடும் பெல்ட்டில் நடக்கிற டிரெட்மில், அல்லது நின்றபடியே இரண்டு பெடலையும் நீள்வட்டமாக மிதிக்கிற எலிப்டிகல். இதைக் கடைகளில் கிராஸ் டிரெய்னர் என்று காட்டுவார்கள். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். எதில் கலோரி அதிகம் போகும்? எது முட்டிக்கு நல்லது? இரண்டுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் யார் யார் அதில் ஏறப் போகிறார்கள்? என் கணக்கில் டிரெட்மில் குடும்பத்து மிஷின், எலிப்டிகல் ஒருத்தருடைய மிஷின். இதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? டிரெட்மில்லில் நடக்கத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அறுபத்தெட்டு வயது மாமியார் இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் நடப்பார், அதே பெல்ட்டில் மருமகள் ஐந்தரையில் நடப்பார், பையன் பத்தில் ஓடுவான். பட்டனை மாற்றினால் போதும், மிஷின் ஆளுக்குத் தகுந்தபடி மாறிக்கொள்ளும். எலிப்டிகலில் அது நடக்காது. பெடல் போய் வரும் தூரம், அதாவது ஸ்ட்ரைடு, வீட்டு மாடல்கள் பெரும்பாலானவற்றில் ஒரே அளவாக இருக்கும். விலை குறைந்தவற்றில் 12 முதல் 14 அங்குலம், கொஞ்சம் நல்லவற்றில் 16, 18. 20 அங்குலத்துக்குப் போனால் விலை எகிறும். ஐந்தடி உயரமுள்ள அக்காவுக்கு 14 அங்குலம் ஒத்துப்போகலாம். அதே மிஷினில் ஐந்தடி பத்து அங்குல மாமா ஏறினால் கால் நீளாது. முட்டியை மடக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே குதிப்பது போல ஆடிக்கொண்டிருப்பார். முட்டிக்காக வாங்கிய மிஷின் முட்டியையே படுத்துவது இப்படித்தான்.

இன்னொரு வித்தியாசம் மனசு சம்பந்தப்பட்டது. டிரெட்மில்லில் வேகத்தை மிஷின் பிடித்துக்கொள்கிறது. நாம் அதன் கூடவே போயாக வேண்டும். போனில் பேச்சு நீண்டாலும் பெல்ட் நிற்காது. எலிப்டிகலில் வேகம் நம் காலில் இருக்கிறது. சீரியல் சூடு பிடித்தால் கால் தானாக மெதுவாகிவிடும், முழு எபிசோடும் முடிந்த பிறகு பார்த்தால் வியர்வையே இருக்காது. தன்னைத் தானே விரட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களுக்கு எலிப்டிகல் சரி. யாராவது பிடித்துத் தள்ளினால்தான் நடப்பேன் என்பவர்களுக்கு டிரெட்மில்தான்.

இரண்டின் பூர்வீகமும் கேட்கச் சுவாரசியமாக இருக்கும். டிரெட்மில்லின் முன்னோடி, இங்கிலாந்தில் சிறைக்கைதிகளை வேலை வாங்கச் செய்த மிதிசக்கரம். வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினியர் 1818-ல் வடிவமைத்தது. கைதிகள் மணிக்கணக்காக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1898-ல் வந்த சிறைச் சட்டத்தோடு அந்தத் தண்டனைக்கு முடிவு கட்டினார்கள். அப்புறம் இதய மருத்துவர்கள் ஓடும் பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்று டி.எம்.டி., அதாவது டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டெஸ்ட், எடுக்கப் போனால் பெரும்பாலும் நடப்பது அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறைதான்: மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். ஆரம்பமே 10 சதவீத ஏற்றம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருப்பது பழைய ஜெயில் ரோடு என்பதை நினைத்தால் எனக்கு ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான். எலிப்டிகல் இதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த பிள்ளை. பிரிகோர் நிறுவனம் 1995-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் வீடுகளுக்கு அதன் மலிவுப் பதிப்புகள் டெலிஷாப்பிங் விளம்பரங்கள் வழியாக வந்து சேர்ந்தன. பாதி சைக்கிள், பாதி எலிப்டிகல் என்று சீட்டும் வைத்து விற்றார்களே, அவைதான். அவற்றில் பல இன்று எந்தெந்த வீட்டு பால்கனியில் துணி காயப்போட உதவுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, முட்டிக்கு வருவோம். ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடக்கும்போது அது எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை, அதனால் தரையில் மோதும் அதிர்ச்சி என்ற ஒன்றே கிடையாது. ஆகவே ஓட்டத்தோடு ஒப்பிட்டால் எலிப்டிகல் மூட்டுக்கு மென்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் வீடுகளில் டிரெட்மில் வாங்குபவர்களில் எத்தனை பேர் ஓடுகிறார்கள்? பெரும்பாலும் நடக்கத்தான் வாங்குகிறார்கள். நடை என்று வந்துவிட்டால் முட்டி விஷயத்தில் எலிப்டிகலுக்குக் கடைக்காரர் சொல்லும் அளவுக்குப் பெரிய வெற்றி இல்லை. முட்டித் தேய்மானம் உள்ள சிலருக்குச் சமதளத்தில் மெதுவாக நடப்பது வலிக்காது, எலிப்டிகலில் முட்டி மடங்கி மடங்கி வருவது வலிக்கும். சிலருக்கு நேர்மாறாக இருக்கும். கடையில் பத்து நிமிடமாவது ஏறிப் பார்க்காமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இரண்டு நிமிடம் போதாது, அந்த இரண்டு நிமிடம் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

எலிப்டிகலில் பலர் சொல்லும் இன்னொரு குறை, கால் விரல்கள் மரத்துப்போவது. பாதம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்பதால் வருவது. ஷூ லேசைத் தளர்த்தி, அவ்வப்போது குதிகாலை இலேசாகத் தூக்கி வைத்தால் குறையும். டிரெட்மில்லில் வேறு சங்கடம். வீட்டுக்குள் செருப்பு போடாத நமக்கு அதிலும் வெறுங்காலோடு ஏறத்தான் தோன்றும். ஓடும் பெல்ட் சூடாகி, உராய்ந்து, பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் போடும். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது, அது புண்ணாகிவிடும். வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி மிஷின் பக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

உடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. வீட்டுப் பெண்கள் காலை வேலை முடித்து நைட்டியோடு ஏறுவார்கள். டிரெட்மில்லின் பின்பக்கம் பெல்ட் ரோலரைச் சுற்றி உள்ளே போகும் இடமும், எலிப்டிகலில் பெடல் கை சுழலும் இடமும் துணியைப் பிடித்து இழுக்கக் கூடியவை. துப்பட்டா, சேலை முந்தானை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டிரெட்மில்லில் சிவப்புக் கயிறோடு ஒரு சேஃப்டி கீ தருவார்கள். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டால் தடுமாறும்போது கயிறு இழுபட்டு மிஷின் நின்றுவிடும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கிளிப் மிஷினின் கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் 2021 மே மாதம் தன் ட்ரெட் பிளஸ் மாடலைத் திரும்பப் பெற்றது. ஒரு குழந்தை இறந்துபோனதும், பல பேர் மிஷினுக்கு அடியில் இழுபட்டுக் காயப்பட்டதும்தான் காரணம். ஹால், படுக்கையறை, பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாம் ஒன்றேயாக இருக்கும் நம் வீடுகளில் ஓடும் பெல்ட்டின் பின்னால் ஒரு குழந்தை தவழ்ந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? கீயைக் கழற்றி பீரோவுக்குள் வைக்கும் ஒழுக்கம் இல்லாத வீட்டில் டிரெட்மில் வேண்டாம் என்றே சொல்வேன். எலிப்டிகலும் குழந்தை விரலை நசுக்கும். ஆனால் யாராவது மிதித்தால்தான் அது அசையும்.

கலோரி விஷயத்தை நீட்ட ஒன்றுமில்லை. மருத்துவ ஆராய்ச்சியில் மெட் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்; சும்மா உட்கார்ந்திருப்பதைவிட எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்ற கணக்கு அது. அதை உடல் எடையாலும் மணி நேரத்தாலும் பெருக்கினால் தோராயமாகக் கலோரி கிடைக்கும். ஐந்து கிலோமீட்டர் வேக நடைக்கு மெட் மூன்றரை அளவில் வரும். மிதமான எலிப்டிகலுக்கு 5. எட்டு கிலோமீட்டர் வேக ஓட்டத்துக்கு எட்டுக்கு மேல். எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் செய்தால் நடையில் 120 சொச்சம், எலிப்டிகலில் 175, ஓட்டத்தில் 290 பக்கம். அதாவது நடப்பவருக்கு எலிப்டிகல் லாபம், ஓடுபவருக்கு டிரெட்மில் லாபம். டிரெட்மில்லில் ஏற்றம் வைத்து நடந்தால் நடைக்கும் எலிப்டிகலுக்கும் உள்ள இடைவெளி மறைந்துவிடும். திரையில் ஓடும் கலோரி எண்ணை நம்பி ஒரு பிளேட் பிரியாணி கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். உங்கள் எடையைக்கூடக் கேட்காத மிஷின் எந்தக் கணக்கில் அந்த எண்ணைக் காட்டுகிறது? கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் அதிலும் பாதி போச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரண்டு மிஷினிலும் இதை எட்டலாம்.

முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முட்டியும் கலோரியும் இல்லை, வீடுதான். அதுவும் நம் பக்கத்து வீடுகள்.

தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு மூன்றடி அகலம், திருப்பத்தில் ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். இப்படி ஒரு பிளாக்கில் ஒரு டிரெட்மில்லை மேலே ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பது அறுபது கிலோ எடை, ஒரே துண்டு, மடக்கினாலும் நீளம் குறையாது. இரண்டு ஆட்கள் திருப்பத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, சுவரில் இருந்த மீட்டர் பாக்ஸில் இடிக்காமல் சுழற்றுவதற்குள் கீழ்வீட்டுப் பாட்டி வெளியே வந்து, “என்னப்பா, மாவு மிஷினா?” என்றார். எலிப்டிகல் பெரும்பாலும் பிரித்த நிலையில் பெட்டியில் வரும். மேலே கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மாட்டிய பிறகு பெரும்பாலானவை மடங்காது. டிரெட்மில் மடங்கும். மடக்கி நிறுத்திவிட்டால் ராத்திரி பாய் போட இடம் கிடைக்கும். ஒற்றை ஹாலில் நான்கு பேர் படுக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

உயரத்தையும் பாருங்கள். டிரெட்மில்லில் தரையிலிருந்து அரையடிதான் ஏறுகிறோம். எலிப்டிகலில் பெடல் மேலே வரும்போது ஓரடிக்கு மேல் போய்விடும். ஐந்தடி பத்து அங்குலக்காரர் தலை கிட்டத்தட்ட ஏழடிக்குப் போய்விடும். அறை உயரம் பத்தடி இருக்கும், கவலையில்லை. ஆனால் பரணுக்கு அடியில் காலியாக இருக்கிறதே என்று அங்கே போட்டால் தலை இடிக்கும். ஃபேனுக்கு நேர் கீழேயும் போடக் கூடாது. சோம்பல் முறிக்கக் கையைத் தூக்குகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

சத்தம்தான் அடுக்குமாடியில் சண்டைக்கு ஆரம்பம். டிரெட்மில்லின் மோட்டார் இரைச்சல் பக்கத்து வீட்டுக்கு அவ்வளவாகப் போகாது. காலடி அதிர்வுதான் கீழ்வீட்டுக்குப் போகும். ரப்பர் மேட் போட்டால் இரைச்சல் குறையும், ஓடும்போது வரும் தொம் தொம் முழுவதும் நிற்காது. நடந்தால் பரவாயில்லை. வீட்டு வாரிய பிளாக்குகளில் மேல்மாடியில் காலை ஐந்து மணிக்கு ஓடுவேன் என்றால் கீழ்வீட்டாரிடம் முதலில் ஒரு வார்த்தை பேசிவிட்டு மிஷின் வாங்குங்கள். எலிப்டிகலில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக இருக்கும்போது காற்று வீசுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். போல்ட் தளர்ந்த பிறகு கிரீச் கிரீச் என்று கத்தும். அது உங்களுக்குத்தான் எரிச்சல்.

ராயபுரம், மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நிற்கின்றன. தேக்கு உத்தரம் போட்டு, அதன் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்ட தளம். அந்த மாதிரி மாடியில் டிரெட்மில் போட்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு நல்ல மேஸ்திரியையோ இன்ஜினியரையோ கூட்டி வந்து உத்தரத்தைக் காட்டிவிடுங்கள். அசையாத எடை ஒரு மாதிரி, குதிக்கும் எடை வேறு மாதிரி. கீழ்த்தளம் என்றால் இந்தப் பயமில்லை, ஆனால் வெள்ளம் இருக்கிறது. டிரெட்மில்லின் மோட்டாரும் கன்ட்ரோலர் போர்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ தண்ணீர் முழங்கால் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த மிஷின் கதை முடிந்தது. எலிப்டிகலை இரண்டு பேர் பிடித்துத் திண்ணைக்கோ கட்டிலுக்கோ ஏற்றிவிடலாம். நனைந்தாலும் துடைத்து, கிரீஸ் போட்டு, பெரும்பாலும் மீட்டுவிடலாம். மொட்டை மாடி ஷீட் ரூமில் போடலாமே என்பார்கள். கத்திரி வெயில் காலத்தில் அந்த அறைக்குள் நீங்களே ஐந்து நிமிடம் நிற்க மாட்டீர்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் உப்புக் காற்று எதையும் விடாது. கிரில் கேட்டே வருஷா வருஷம் பெயின்ட் கேட்கிறது, மிஷின் கேட்காதா? எலிப்டிகலில் பெடல் சக்கரங்கள் ஓடும் தண்டவாளமும் வெளியே தெரியும் போல்ட்டுகளும் முதலில் துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரிவதால் துடைத்து, எண்ணெய் போட்டுச் சமாளிக்கலாம். டிரெட்மில்லில் துரு ரோலர் பேரிங்கிலும் போர்டின் முனைகளிலும் வரும். மூடியைக் கழற்றினால்தான் தெரியும். கடலிலிருந்து இரண்டு மூன்று தெருவுக்குள் இருப்பவர்கள், வேறு எல்லாம் சமமாக இருந்தால், எலிப்டிகல் பக்கம் சாய்வது நல்லது.

அப்புறம் கரன்ட். டிரெட்மில்லை ஏ.சி. போடும் பெரிய பாயின்டில், சரியான எர்த்திங்கோடு மாட்ட வேண்டும். டிவி இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. நடக்கும்போது அரை கிலோவாட் அளவுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஆளுக்கு அரை மணி நேரம் நடந்தால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடு என்றால் இந்த அறுபது உங்களை மேல்படிக்குத் தள்ளிவிடும். எலிப்டிகலுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். காந்தத்தால் இறுக்கம் தருகிறது, மிதிப்பது நீங்கள், திரைக்கு இரண்டு பேட்டரி. மின்வெட்டு வந்தால் ஃபேன் நிற்கும், மிஷின் நிற்காது. டிரெட்மில்லோ நடுவில் நின்றுபோகும். நடையில் என்றால் ஒரு தள்ளாட்டம். ஓட்டத்தில் என்றால் நெஞ்சு முன்னால் திரை இருக்கும் கன்சோலில் போய் மோதும்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் நிறைய. இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 12.9 கிலோமீட்டர் வேகம். எலிப்டிகலில் எவ்வளவு மிதித்தாலும் இந்த ஓட்டத்துக்குக் கால் பழகாது. பாதம் தரையில் அடித்து எழும் வேலையை ஓடித்தான் கற்க வேண்டும். அதே நேரம் 12-ல் நின்றுபோகும் வீட்டு டிரெட்மில்லும் இவர்களுக்குப் பயன்படாது. இவர்களுக்கு என் யோசனை இரண்டையும் வாங்காதே என்பதுதான். மாநகராட்சி மைதானத்தில் ஓடட்டும். பாக்ஸிங் பையன்களுக்கும் இதே பதில். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைக்காரர்கள் ரோட்டிலும் மணலிலும் ஓடித்தான் மூச்சைக் கூட்டினார்கள். ஆனால் கால்பந்தாடி முட்டியிலோ கணுக்காலிலோ அடிபட்டவன், மறுபடி ஓடும்வரை மூச்சு குறையாமல் வைத்துக்கொள்ள எலிப்டிகல் அருமையான மிஷின். அதற்காக ஒன்று வாங்க வேண்டியதில்லை. பக்கத்து ஜிம்மில் இரண்டு மாதம் பணம் கட்டினால் போதும்.

திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் அக்கா வீட்டில் இந்தப் பேச்சு ஓடியபோது மாமா ஒரே பிடியாக இருந்தார். “மாப்ள, எலிப்டிகல்தான் முட்டிக்கு நல்லதுன்னு எல்லா வீடியோலயும் சொல்றான். எனக்கு முட்டி வலி, அதையே வாங்கிடலாம்.”

“சரி மாமா, அத்தை எப்படி ஏறுவாங்க?” என்றேன்.

அத்தை என்றது மாமாவின் அம்மாவை. கண்புரை ஆபரேஷன் ஆனவர், பஸ் படி ஏறவே கை பிடிக்க வேண்டும். எலிப்டிகலில் ஏறும்போது ஒரு பெடல் கீழே, ஒரு பெடல் மேலே, கால் வைத்ததும் இரண்டும் நழுவும். அக்கா குறுக்கே வந்தாள். “டேய், அவருக்காக மட்டும் வாங்கினா ஒரு மாசம் மிதிப்பாரு. அத்தையும் நானும்தான் தினம் நடக்கப் போறோம்.” பேச்சு அதோடு முடிந்தது. கீழ்த்தளம் இல்லை, முதல் மாடி; கடற்கரை ஐந்தாறு தெரு தள்ளி; பேத்திக்கு ஒன்பது வயது, சொன்னால் கேட்பாள். டிரெட்மில் வந்தது. அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ஓரத்துப் பலகையில் இரண்டு காலையும் வைத்து நின்று, மிஷினை ஒன்றில் ஓடவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டில் கால் வைப்பது. நிற்கும் பெல்ட்டில் ஏறி நின்று ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மாமா இப்போது அதில் 4 சதவீத ஏற்றம் வைத்து மெதுவாக நடக்கிறார். முட்டி அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இதே கேள்வியை எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு டீச்சர் கேட்டிருந்தால் பதில் மாறியிருக்கும். நாற்பத்தைந்து வயது, இரண்டாவது மாடி, கீழே கைக்குழந்தை உள்ள வீடு, ஏறப்போவது அவர் ஒருவர் மட்டும். ஐந்தடி இரண்டு அங்குல உயரத்துக்கு 16 அங்குல ஸ்ட்ரைடு உள்ள எலிப்டிகல், கையும் சேர்ந்து ஆடும் மாடல். அவருக்கு அதுதான் மிஷின். முதல் வாரம் ஐந்து எட்டு நிமிடத்திலேயே தொடை எரியும். பயந்து நிறுத்தாமல் இருந்தால் பழகிவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஏற்கெனவே உள்ளவர்கள் எந்த மிஷினாக இருந்தாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

விலையும் பராமரிப்பும் பாக்கி. டிரெட்மில்லில் மோட்டாரின் ஹெச்.பி. பார்க்கும்போது பெரிதாக அச்சடித்த பீக் எண்ணை, அதாவது கொஞ்ச நேரம் மட்டும் எட்டும் உச்சத்தை, பார்க்காதீர்கள். தொடர்ந்து ஓடும்போது தரும் கன்டினியூஸ் எவ்வளவு என்று கேளுங்கள். குடும்பமே நடப்பதற்கு அது குறைந்தது இரண்டு ஹெச்.பி. இருக்க வேண்டும். ஆள் எடை வரம்பு உங்கள் வீட்டிலேயே கனமானவரைவிட இருபது கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை பெல்ட்டுக்கு அடியில் சிலிகோன் ஆயில் விட வேண்டும்; தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் ஆகாது. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின்னால் இருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எல் கீயால் கால் சுற்று சுற்றி, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரேயடியாக முறுக்கினால் மறு பக்கம் ஓடிவிடும். எலிப்டிகலில் இந்த வேலைகள் குறைவு. போல்ட் முறுக்குவதும் கிரீஸ் வைப்பதும்தான். போர்டு எரிவது, மோட்டார் போவது போன்ற பெரிய செலவும் அதில் இல்லை. அதே விலைக்கு எலிப்டிகலில் உறுதியான மிஷின் கிடைக்கும் என்பதற்கும் இதுவே காரணம். மோட்டார் இல்லாமல் காலால் தள்ளும் மேனுவல் டிரெட்மில் என்று மலிவாக ஒன்று காட்டுவார்கள். அதன் பக்கமே போகாதீர்கள். பெல்ட்டைத் தள்ளித் தள்ளி இடுப்புதான் பிடித்துக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்கு நான் எதிரியில்லை. இந்த இரண்டு மிஷினும் அதிகம் உழைக்காமலேயே விற்பனைக்கு வருபவை. டிரெட்மில் என்றால் உங்கள் வீட்டிலேயே கனமானவரை அழைத்துப் போய், நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். கால் வைக்கும்போது பெல்ட் தயங்கித் தயங்கி ஓடினால் பெல்ட்டோ மோட்டாரோ போகும் நிலையில் இருக்கிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு மோட்டார் மூடிக்குப் பக்கத்தில் கருகல் வாசனை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் கை விட்டுப் பலகையைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும், நடுவில் பள்ளமோ சொரசொரப்போ தட்டுப்பட்டால் பலகை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எலிப்டிகல் என்றால் இரண்டு பெடலிலும் நின்று பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் புஷ், அதாவது பெடல் சுழலும் மூட்டுக்குள் இருக்கும் வளையம், போயிருக்கிறது. அது மலிவுதான், ஆனால் அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேட்காமல் சர்வீஸ் பண்ணுபவரிடம் கேளுங்கள். வண்டி வாடகையும் மாடி ஏற்றும் கூலியும் யார் தலையில் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.